சதர்ன் ராக் கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதர்ன் ராக், அதாவது அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசை, என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு பாட்டும் ஒரு கொடியும்தான். பாட்டு, லினர்ட் ஸ்கினர்ட் என்ற குழுவின் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'. கொடி, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் கொடி. இந்த இரண்டை வைத்தே முடிவு கட்டிவிட்டு நகர்ந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எழுபதுகளின் அமெரிக்க இசையில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது சதர்ன் ராக்கைத்தான்.

முதல் தவறு, இதை வெள்ளைக்காரர்களின் கன்ட்ரி இசையைச் சத்தமாக வாசித்தது என்று நினைப்பது. இந்த இசைக்கு வீடாக இருந்தது ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரம். கறுப்பினப் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் ஊர் அது. அவருடைய மேலாளர் ஃபில் வால்டன். 1967 டிசம்பரில் விமான விபத்தில் ரெட்டிங் இறந்த பிறகு, வால்டன் அடுத்து யார் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் இருந்த ஃபேம் ஸ்டூடியோவில், சோல் எனும் கறுப்பின இசையின் பாடகர்களுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த டுவேன் ஆல்மன் அவர் கவனத்துக்கு வந்தார். வில்சன் பிக்கெட் பாடிய 'ஹே ஜூட்' பதிவின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். பாடகர் கத்தக் கத்த, கிட்டாரும் கூடவே கத்தும். அந்தக் கிட்டார் டுவேனுடையது.

1969இல் உருவான டுவேனின் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டில் இரண்டு டிரம்மர்கள். ஒருவர் வெள்ளையர் புட்ச் டிரக்ஸ், இன்னொருவர் கறுப்பினத்தவர் ஜெய்மோ. ஜெய்மோ ஏற்கெனவே ஓடிஸ் ரெட்டிங்கின் குழுவில் வாசித்தவர். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் வந்து ஐந்தே வருடம் ஆகியிருந்த ஜார்ஜியாவில், நீள முடி வைத்த வெள்ளையர்களும் ஒரு கறுப்பினத்தவரும் ஒன்றாகச் சுற்றுவது சாதாரண விஷயம் இல்லை. கையில் காசில்லாத அந்த நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டது மேக்கனின் எச் அண்ட் எச் உணவகம். அதை நடத்திய கறுப்பினப் பெண் லூயிஸ் ஹட்சனைக் குழுவினர் கடைசிவரை 'மாமா லூயிஸ்' என்றுதான் அழைத்தார்கள். அவர்களுக்கு 'மாமா' என்றால் அம்மா. ப்ளூஸ், சோல், கறுப்பினத் தேவாலயப் பாட்டு எல்லாவற்றையும் கழித்துவிட்டால் சதர்ன் ராக்கில் மிஞ்சுவது குறைவுதான்.

அடுத்த தவறுதான் கேட்பவருக்கு அதிக நஷ்டம்: நீளமான பாட்டுகளைத் தாண்டிப் போவது. ஆல்மன் பிரதர்ஸின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' 1971 மார்ச்சில் நியூயார்க்கில் மேடையிலேயே பதிவான இரட்டை ஆல்பம். மொத்தமே ஏழு பாட்டு. அதில் 'விப்பிங் போஸ்ட்' மட்டும் சுமார் 23 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுவே. நேரத்தைப் பார்த்ததும் மலைத்துப் போகாதீர்கள். தொடக்கத்தில் பெர்ரி ஓக்லியின் பேஸ் கிட்டார் தனியாக வரும். விரலால் எண்ணிப் பாருங்கள்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் பதினொன்று. கடைசி மூன்றில் ஒன்று குறைவதால், அடுத்த சுற்று நாம் எதிர்பார்ப்பதற்கு ஒரு தட்டு முன்பே வந்து விழும். யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போன்ற அந்த அவசரம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அதற்குப் பிறகு வருவதை வெறும் கிட்டார் வித்தை காட்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாஸ் மேதைகள் மைல்ஸ் டேவிஸின், ஜான் கோல்ட்ரேனின் இசையைக் குழுவுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெய்மோ. ஒரே சுரக்கோவையில் நின்று, அவசரப்படாமல் விரித்துக்கொண்டே போவதை டுவேனும் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் டிக்கி பெட்ஸும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கச்சேரியில் ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' பாட்டில் இரண்டு கிட்டார்களும் ஒரே மெட்டை இரண்டு சுர உயரங்களில் சேர்ந்து பாடும் இடம் வரும். முதலில் ஒரு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள், மறுமுறை மற்றதை. எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் திறந்தது.

சரி, லினர்ட் ஸ்கினர்டுக்கு வருவோம். ஆல்மன் பிரதர்ஸும் இவர்களும் ஒரே மாதிரி என்று நினைப்பதும் தவறு. ஸ்கினர்ட் குழுவினர் புளோரிடாவின் ஜாக்சன்வில் பையன்கள். ஊருக்கு வெளியே, வெக்கை தாங்க முடியாத ஒரு தகரக் கொட்டகையில் நாள் முழுக்கப் பயிற்சி செய்தவர்கள். சோலோ உட்பட ஒவ்வொரு சுரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். 'ஃப்ரீ பேர்ட்' எவ்வளவு கட்டுமீறி ஓடுவதுபோலத் தோன்றினாலும் அது செதுக்கி வைத்த வேலை. ஆல்மன் பிரதர்ஸ் அன்றைய இரவு என்ன தோன்றுகிறதோ அதை வாசிப்பவர்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டால் இரண்டு குழுக்களையும் இன்னும் ரசிக்கலாம்.

1974இல் வந்த 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வை எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. அந்தப் பாட்டின் கிட்டார் மெட்டை உருவாக்கிய எட் கிங் கலிபோர்னியாவிலிருந்து வந்தவர். தெற்கின் இனவெறியைச் சாடி ராக் பாடகர் நீல் யங் எழுதிய இரண்டு பாட்டுகளுக்குப் பதிலாக எழுந்தது இது. அதனால் ஸ்கினர்டின் பாடகர் ரானி வான் சான்டுக்கும் நீல் யங்குக்கும் பகை என்று கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் வான் சான்ட் நீல் யங்கின் ரசிகர். தன் கடைசி ஆல்பத்தின் அட்டையில் நீல் யங் படம் போட்ட டி-ஷர்ட்டோடு நிற்கிறார். அந்தப் பதிலடி தனக்குத் தேவைதான் என்று நீல் யங்கே பிற்பாடு எழுதினார். இனப் பிரிவினையைத் தூக்கிப் பிடித்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸைக் குறிப்பிடும் வரியின் பின்னால் 'பூ, பூ, பூ' என்று, ஆங்கிலத்தில் எதிர்ப்புக் கூச்சலாக ஒலிக்கும் பின்னணிக் குரல்கள் வருகின்றன. அது கேலியா, பாராட்டா என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. பாட்டு தெளிவாகப் பேசவில்லை என்பதுதான் என் கருத்து. தெளிவான வான் சான்டைக் கேட்க வேண்டுமானால், மலிவான கைத்துப்பாக்கிகளுக்கு எதிராக 1975இல் பாடிய 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' இருக்கிறது.

கொடி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. அது வெறும் அலங்காரம் என்று ரசிகர்கள் சொல்வது சரியில்லை. ஸ்கினர்டின் மேடைக்குப் பின்னால் அது வருவதற்கு இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பர யோசனையும் காரணம் என்றாலும், அந்தத் துணியைப் பார்த்து ஒரு கறுப்பினத்தவர் மனதில் எழும் பயம் பொய்யில்லை. அதற்காக மொத்த இசையையும் இனவெறி என்று ஒதுக்குவதும் சரியில்லை. மேக்கனின் கேப்ரிகார்ன் இசைத்தட்டு நிறுவனமும் அதன் குழுக்களும் 1976 தேர்தலில் கச்சேரி நடத்தி நிதி திரட்டிக் கொடுத்தது ஜிம்மி கார்ட்டருக்கு. இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று ஜார்ஜியா ஆளுநராகப் பதவியேற்றபோதே அறிவித்தவர் அவர்.

சின்னக் குழப்பங்களும் உண்டு. சதுப்பு நிலத்தைப் பாடினாலும் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் கலிபோர்னியாக் குழு. தென் கரோலினாவின் மார்ஷல் டக்கர் பேண்டில் மார்ஷல் டக்கர் என்று யாரும் இல்லை. பயிற்சிக் கூடத்தின் சாவியில் இருந்த பெயர் அது, பார்வையற்ற ஒரு பியானோ சுருதி சேர்ப்பவருடையது. அவர்களுடைய புல்லாங்குழலைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 1971இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் 24 வயது டுவேன், 1977இல் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் வான் சான்ட் உட்பட ஆறு பேர் என்று சாவுகளை அடுக்கி, இசையும் அதோடு செத்துவிட்டதுபோல எழுதுகிறார்கள். ஆல்மன் பிரதர்ஸ் 2014 வரை வாசித்தார்கள். கடைசிக் காலத்தில் அவர்களோடு இருந்த டெரெக் டிரக்ஸ், புட்ச் டிரக்ஸின் உறவுப் பையன். சரோத் மேதை அலி அக்பர் கானின் இசையில் ஊறியவர். இன்று மனைவி சூசன் டெடெஸ்கியோடு தனிக் குழு நடத்துகிறார். அவர்களுடைய மேடைப் பதிவு எது கிடைத்தாலும் கேளுங்கள். கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டி, கம்பியில் வழுக்கிக்கொண்டே ஒரு சுரத்தைத் தேடிப் போய்ச் சேருவார். அந்த வழுக்கலில் டுவேனும் இருக்கிறார், சரோதும் இருக்கிறது.