ஒரு பவுசர், இரண்டு சபைகள்

சின்னப் பிரதேச சபைகளை ஒன்றாக இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேநீர்க்கடையில் அடிக்கடி கேட்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் நான்கு பிரதேச சபைகள்: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. இணைப்பது அமைச்சரின் வர்த்தமானியால் ஆகிற வேலை. பழைய கிராம சபைகள் 1981இல் இல்லாமல் போனதும் மேலிருந்து வந்த முடிவுதான். அதை விடுங்கள். தண்ணீர் ஏற்றும் பவுசர் வண்டியை இரண்டு சபைகள் பகிர்வது எங்கள் கையில் இருக்கிறது.

நான் இப்பக்கத்துச் சபையொன்றில் செயலாளராக இருந்தவன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை செயலாளர்கள்தான் நடத்தினோம். ஆவணியில் கிணறுகள் வற்ற, பக்கத்துச் செயலாளரும் நானும் தொலைபேசியில் பேசியே தண்ணீர் பவுசரை மாறி மாறி ஓடவிட்டோம். புதிய உறுப்பினர்கள் வந்ததும் ஒருவர் கேட்டார்: "எங்கட பவுசர் ஏன் அங்க போனது?" காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஆகவே முதலில் இரு சபையிலும் தீர்மானம், சொல்லுக்குச் சொல் ஒன்றாக. ஒன்றில் 'உதவி', மற்றதில் 'வாடகை' என்றிருந்தால் கணக்காய்வில் மாட்டுவீர்கள். பிரதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்புங்கள்.

அப்புறம்தான் உடன்படிக்கை. சண்டை வருவது டீசலில். தண்ணீர் கொண்டுபோகிற ஓட்டத்துக்குக் காசு தருவார்கள். வெறும் பவுசர் திரும்பி வருகிற ஓட்டம் யார் கணக்கு? வாசலில் இருந்து வாசல் வரை மீற்றர் வாசித்து றனிங் சாட்டில், அதாவது வண்டியின் ஓட்டப் பதிவேட்டில், எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். கிரவல் ரோட்டில் டயர் வெடித்தால் யார் மாற்றுவது, சாரதியின் ஓவர்டைம் யார் கொடுப்பது என்பதையும் முன்பே எழுதுங்கள். சாரதி இல்லாமல் வண்டியை மட்டும் கொடுக்கவே வேண்டாம். இரண்டு ஊரிலும் ஒரே நாளில் தண்ணீர் கேட்டால் எது முதல் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் உள்ள பக்கத்துக்கு முதலிடம் கொடுத்தோம்.

குப்பை கொட்டும் இடத்தைப் பகிர்வதில் மட்டும் தொடங்காதீர்கள். பக்கத்துச் சபையின் குப்பை வருகிறது என்றால் சனம் றோட்டை மறிக்கும். பவுசர் ஒரு கோடையைச் சண்டையில்லாமல் ஓடி முடிக்கட்டும், பிறகு பேசலாம்.