மாமாவிடம் அரசியல் பேசுவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் எங்க மாமாவிடம் நான் தோற்காத நாளே கிடையாது. நான் இடதுசாரி; அவருக்குப் பழைய முறை எதுவும் மாறக்கூடாது.

முதலில், டீ பாதி காலியாகும்வரை வாதாடாதீர்கள். அவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் சொல்வது: தாராளவாதிகள் பரிவு, நியாயம் இரண்டையும்தான் பெரிதாகப் பார்க்கிறார்கள்; பழமைவாதிகள் கூடவே விசுவாசம், மேலவருக்கு மரியாதை, தூய்மை மூன்றையும் எடைபோடுகிறார்கள். (அது அங்கத்திய கணக்கு. நம்மூரில் சாதி தனிக்கணக்கு.)

பிறகு உங்கள் நியாயத்தை அவர் தராசில் வையுங்கள். ஊர்க்குளத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்த, மீன் சாகுது, மாடு குடிக்குது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்ன மாப்ள" என்று பீடி பற்றவைத்தார். மறுநாள், "மாரியாத்தாளுக்குத் தீர்த்தம் எடுக்கிற தண்ணிங்க மாமா அது" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு எனக்கு முன்னால் நின்றார். 2013இல் ஃபைன்பெர்க், வில்லர் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கண்டதும் இதேதான்: சுற்றுச்சூழலைத் தூய்மையின் பெயரில் பேசினால் பழமைவாதிகளும் காதுகொடுக்கிறார்கள்.

நடிக்க மட்டும் செய்யாதீர்கள். தீர்த்தக்குடம் எடுக்க நானும் போனேன். போகாவிட்டால் மாமா விட்டிருக்க மாட்டார்.