மழை மாசத்துல ஒரு நாவல எழுதித் தள்றது எப்பிடி

ஸ்கூல் காலத்துல கொப்பிக்கு பின்பக்கமா கத கதயா எழுதுன ஆளுங்க நம்ம மலையகத் தேயிலத் தோட்டங்கள்ல நெறைய. அப்புறம் பேப்பருக்கு அனுப்பி, போட்டிக்கு அனுப்பி, மலையக இலக்கியம்னா இப்பிடித்தான் இருக்கணும்னு நாலு பேரு சொல்றதக் கேட்டு, ஒரு பக்கம் எழுதுனா மூணு தடவ வெட்டி, கடைசில பேனாவயே வச்சிட்டாங்க. அவங்களுக்குத்தான் இது. சரியா தப்பானு யோசிக்க நேரமே இல்லாத மாதிரி ஒரு முழு நாவல மடமடனு எழுதிப்பாருங்க, பழைய ருசி தானா திரும்பி வரும். நாவல் மோசமாத்தான் வரும், வரட்டுமே.

1999ல அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டினு ஒருத்தரு 21 பேரோட ஆரம்பிச்சதுதான் நானோரைமோ, ஒரே மாசத்துல ஒரு நாவல எழுதி முடிக்கிற சவால். 30 நாள்ல 50,000 சொல்லு, நாளைக்கு 1,667. மொத வருசம் ஜூலைல செஞ்சாங்க, அடுத்த வருசமே நவம்பருக்கு மாத்திட்டாங்க, ஏன்னா அங்க நவம்பர்ல காலநிலை படுமோசம், வீட்டுக்குள்ள கெடந்து எழுதலாம்ல. அந்த அமைப்ப 2025ல மூடிட்டாங்க, ஆனா அந்த ரோசனைய யாரும் மூட முடியாதே.

நமக்கு நவம்பர் சரிவராது. தீபாவளி அட்வான்ஸ், அதுக்குப் பொறவு கடன், மனசு ஒரு எடத்துல நிக்காது. தையில பொங்கல், மாசில காமன் கூத்து, மஸ்கெலியா நல்லதண்ணி பக்கம்னா வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு ஆளுங்க ஏறுற சீசன். என்னயக் கேட்டா ஜூன்தான். ஹட்டன், நோர்ட்டன் பக்கம் அப்ப புடிச்ச மழ விடாது, இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில கூட ஒக்கார முடியாது, எழுதுறதத் தவிர வேற என்ன வேல? பதுளை ஆளுங்களுக்கு மழ வருசக் கடைசிலதான், அவங்க டிசம்பர் லீவுல வச்சிக்கலாம்.

50,000த்த அப்பிடியே எடுக்காதீங்க. இங்கிலீசுல மூணு நாலு சொல்லுல சொல்றத நாம ஒன்னு ரெண்டுல முடிச்சிருவோம், அதனால 30,000 தாராளம், நாளைக்கு ஆயிரம். சீஆர் கொப்பில எழுதுறவங்க உங்க கையெழுத்துக்கு ஒரு பக்கத்துல எத்தன சொல்லு வருதுனு ஒருக்கா மட்டும் எண்ணிக்கிட்டு, அப்புறம் பக்கக் கணக்கு வச்சிக்கங்க. கரண்ட் போனாலும் கொப்பிக்கு கவலயில்ல.

இப்ப முக்கியமான விசயம். நேத்து எழுதுனத திருப்பிப் படிக்கவே கூடாது. கடைசி வரி எங்க நின்னுச்சினு பாக்க மட்டும்தான் அனுமதி, அதயும் பாதி வசனத்துலயே நிப்பாட்டிட்டு எந்திரிச்சீங்கனா மறுநாள் கை தானா ஓடும்.

தெரியாத விசயம் வந்தா அங்கயே தேடப் போகாதீங்க, ஃஃஃ போட்டுட்டு போயிக்கிட்டே இருங்க. இப்பிடி: "கொழுந்து நிறுக்கிற எடத்துல அம்மாயி ஈரச் சாக்க அவுக்காம நின்னுச்சி. கணக்குப்புள்ள தண்ணிக்குனு ஃஃஃ கிலோ வெட்டுனாரு. அம்மாயி ஒன்னும் பேசல, தராசு முள்ளயே பாத்துச்சி." எத்தன கிலோ வெட்டுவாங்கனு அந்த நேரம் போன எடுத்தீங்க, அவ்வளவுதான், யூடியூப்ல போயி முடியும். மூணு ஆய்தம் சேந்து எந்தத் தமிழ்ச் சொல்லுலயும் வராது, போன்ல டைப் பண்றவங்களுக்கு பின்னாடி தேடிப் புடிக்க ரொம்ப லேசு.

கொழும்புக்கு வேலைக்குப் போயி வாரவங்க பஸ்ல டைப் பண்ணாதீங்க, கினிகத்தேனை வளவுகள்ல வாந்திதான் மிச்சம். கண்ண மூடிக்கிட்டு ரெக்கோர்டருக்கு கத சொல்லுங்க. ரஷ்ய எழுத்தாளரு டொஸ்தாயெவ்ஸ்கி 1866ல கடனுக்கும் ஒப்பந்தத்துக்கும் பயந்து ஒரு நாவல 26 நாள்ல வாயாலதான் சொல்லி முடிச்சாரு, எழுதிக்கிட்ட சுருக்கெழுத்துப் புள்ளயவே அடுத்த வருசம் கலியாணமும் கட்டிக்கிட்டாரு. போன்ல தமிழ் வாய்ஸ் டைப்பிங்கும் இருக்கு, ஆனா நம்ம லயத்துப் பேச்ச அது பாதிக்குப் பாதி என்னமோ ஆக்கிவிட்டுரும், சிரிச்சிட்டு விட்டுருங்க, திருத்தாதீங்க.

ரெண்டாவது வாரம் கத படுத்துரும், எல்லாருக்கும் அப்பிடித்தான். அப்ப ஒரு ஆள காம்பராக்குள்ள அனுப்புங்க. கொழும்புக் கடையில நிக்கிற மகன் சொல்லாம கொள்ளாம பேக்கோட வந்து வாசல்ல நிக்கட்டும், ஏன் வந்தான்னு உங்களுக்கே தெரியவேணாம், அடுப்படியில இருந்து அம்மா என்ன கேக்குதுனு மட்டும் எழுதுங்க. ரொட்டி சுட்டுக்கிட்டே கேக்குதா, கையத் தொடச்சிட்டு வருதா, அதுலயே அன்னைக்கு ஆயிரம் சொல்லு ஓடிரும்.

முடிஞ்சதும் ஒரு மாசம் பொட்டிக்குள்ள போட்டு மூடிருங்க. பொறவு ஃஃஃ எல்லாத்தயும் ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு, ரிட்டயர் ஆன கணக்குப்புள்ள, கொழுந்தெடுத்த அம்மாயிமாரு, இவங்ககிட்ட போயி ஒக்காந்து கேளுங்க, நீங்க கேக்காததயும் சேத்து சொல்லுவாங்க. சந்திப் பிழ பாக்குற வாத்தியாருங்க கையில மட்டும் இப்ப குடுத்துறாதீங்க, அவங்க ரெண்டாவது ட்ராஃப்டுக்கு.