25 படியை 5 ஆக்கலாம்: ஃபைபர் சிதைவை எளிய கணக்கில் திருத்தும் முறை

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் டிஎஸ்பி (சிக்னலை எண்களாக்கிக் கணக்கிடும் துறை) வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு சிக்னல் கணக்கு தண்ணீர் பட்ட பாடு, ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர்தான் புதிது. நெடுந்தூர ஃபைபரில் சிதைந்து வரும் சிக்னலை ரிசீவரில் கணக்குப் போட்டுத் திருத்தும் முறை, அவர்களுக்காக இது. பைத்தானும் அதன் கணக்கு நூலகமான நம்பையும் (NumPy) இருந்தால் போதும்.

படி 1: பாதை. இங்கிருந்து டெல்லிக்கு 80 கி.மீ. வீதம் 25 ஸ்பேன் (இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கு இடைப்பட்ட ஃபைபர் துண்டு), மொத்தம் 2,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல், ஆகவே ஒவ்வொரு ஸ்பேன் முடிவிலும் 16 டெசிபல் பெருக்கம். டிஸ்பெர்ஷன், அதாவது வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் சிக்னல் பரவும் அளவு, 17 (பிக்கோசெகண்ட், நானோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு). காமா, அதாவது ஒளியின் திறன் (பவர்) அதன் ஃபேஸை (அலையின் கட்டத்தை) எவ்வளவு திருப்பும் என்ற எண், 1.3 (வாட்டுக்கு, கிலோமீட்டருக்கு). சிக்னல் ஃபைபர் வழியே போவதைக் கணினியில் ஒரு கி.மீ.க்கும் குறைந்த படிகளில் ஓட்டுங்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 2: சிதைவு எவ்வளவு? ஒளியின் திறன் ஏறினால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் துளி மாறும். கெர் விளைவு என்பது இதுதான். சிக்னல் தன் ஃபேஸைத் தானே திருப்பிக்கொள்கிறது. இழப்பைக் கணக்கில் எடுத்தால் 80 கி.மீ.யில் சுமார் 21 கி.மீ.தான் பயன்படு நீளம். 1 மில்லிவாட்டுக்கு ஒரு ஸ்பேனில் 0.0275 ரேடியன், 25 ஸ்பேனுக்கு 0.69, ஏறத்தாழ 39 பாகை. இதில் மாறாத பகுதியை ரிசீவர் எப்படியும் நீக்கிவிடும். திறனோடு சேர்ந்து ஆடும் பகுதிதான் தலைவலி.

படி 3: பின்னோக்கி ஓட்டுதல். டிஸ்பெர்ஷனையும் காமாவையும் குறி மாற்றி, ஃபைபரைத் தலைகீழாகக் கணக்கிடுங்கள். ஸ்பேனுக்கு ஒரு ஃபேஸ் திருத்தம் வைத்தால், நடுவிலும் ஓரங்களிலும் சேர்த்து 26 டிஸ்பெர்ஷன் வடிகட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்து, மறுபடி சேர்க்கும் கணக்கு). சிப்பில் இதற்கு மின்சாரம் கட்டுப்படியாகாது.

படி 4: குறைத்தல். ஐந்து ஸ்பேனை ஒரே படியாக்குங்கள். 200 கி.மீ. டிஸ்பெர்ஷன் நீக்கம், ஃபேஸ் திருத்தம், 400 கி.மீ. நீக்கம், மறுபடி திருத்தம் என்று போய் கடைசியில் 200. மொத்தம் 6 வடிகட்டிதான். ஆனால் அப்படியே ஓட்டினால் பலன் சரியும். 400 கி.மீ. தூரத்தில் பக்கத்துச் சிம்பல்கள் (தகவலைச் சுமக்கும் துடிப்புகள்) ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். அதனால் நடுவில் ஒரு சாம்பிளில் தெரியும் திறன் வழி நெடுக இருந்த திறன் ஆகாது. அதனால் திறனை அப்படியே பயன்படுத்தாமல், அக்கம்பக்கத்துச் சாம்பிள்களோடு சராசரி எடுத்து, அதைக் கொண்டு ஃபேஸைத் திருப்புங்கள். திருத்தத்தின் அளவை 0 முதல் 1 வரை ஒரு எண்ணால் பெருக்கி, எது சிறந்தது என்று ஓட்டிப் பாருங்கள். சராசரியின் அகலத்தையும் அப்படியே தேடுங்கள். இந்த வித்தையின் உயிர் இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. நியூரல் நெட்வொர்க் பக்கம் ஓடும் முன் இதைச் செய்து பாருங்கள் என்பேன்.

இரண்டு போலரைசேஷனில் (ஒளி அலை அதிரும் இரு செங்குத்துத் திசைகளில்) தனித்தனி சிக்னல் அனுப்பினால் இரண்டின் திறனையும் கூட்டி, காமாவை 8/9 ஆல் பெருக்குங்கள்.

படி 5: சோதனை. அனுப்பும் திறனை மெல்ல ஏற்றி, கிடைக்கும் சிக்னல் தரத்தை வரைபடமாக்கி, டிஸ்பெர்ஷன் மட்டும் நீக்கியதோடு ஒப்பிடுங்கள். குறைந்த திறனில் இரண்டு கோடும் ஒட்டியே போக வேண்டும். அங்கே வித்தியாசம் தெரிந்தால் நிரலில் பிழை. அதிகத் திறனில்தான் பிரியும். பக்கத்துச் சேனல்களின் சிதைவையும் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலையும் இது தொடாது. பல சேனல் ஓட்டும்போது லாபம் சுருங்கினால் நிரலைக் குறை சொல்லாதீர்கள்.