நீர் குளிர்ந்தால் குளோரினுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்

குடிநீர்த் தொட்டியில் கிருமி சாகக் குளோரினைக் கலந்து அரை மணி நேரம் விடுங்கள் என்பதோடு பெரும்பாலான குறிப்புகள் முடிந்துவிடும். எந்த வெப்பநிலையில் அரை மணி நேரம் என்பதுதான் முக்கியம். குளிர்காலத்துக்காக என் தொட்டிக் கணக்கைத் திருத்தியபோது பின்பற்றிய முறை இது. தெளிந்த நீருக்கு மட்டுமே பொருந்தும். கலங்கல் இருந்தால் முதலில் வடிகட்டுங்கள்.

1. நீரின் வெப்பநிலையை அளவிடுங்கள். காற்றின் அளவு உதவாது. நீளமான கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானிதான் என் தேர்வு; தொட்டியின் நடு ஆழம்வரை இறக்கலாம்.

2. 1000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 2 கிராம். வாசனை சேர்க்காத 5% சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவக் குளோரின் பிளீச்) கரைசலில் அது 40 மி.லி. வெயில் படும் இடத்தில் வைத்த பழைய புட்டி வேண்டாம், வீரியம் குறைந்திருக்கும். ஊற்றியதும் நன்றாகக் கலக்குங்கள்.

3. இனி காத்திருக்கும் நேரம். இங்கேதான் நிதானம் தேவை. கடைசியில் மிஞ்சும் தனிக் குளோரினை, அதாவது அழுக்கோடு சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினை (மி.கி./லிட்டர்), காத்திருந்த நிமிடங்களால் பெருக்குங்கள். ஊற்றிய அளவைப் பெருக்காதீர்கள். அதில் ஒரு பகுதியை நீரிலுள்ள அழுக்கே தின்றுவிடும். வைரஸ்களில் 99.99% அழிய இந்தப் பெருக்குத்தொகை 20 டிகிரி செல்சியஸில் 3, 10 டிகிரியில் 6, 0.5 டிகிரியில் 12 இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணை. பாக்டீரியா பெரும்பாலும் இதைவிட எளிதில் சாகும். ஆனால் குளிரில் வேதிவினை மந்தமாவதால் அங்கும் நேரம் கூடத்தான் செய்யும்.

0.5 மி.கி. மிஞ்சி 30 நிமிடம் ஆனால் 15. இது 20 டிகிரியில் தேவையைப் போல ஐந்து மடங்கு. உறைநிலையை ஒட்டிய நீரில் மயிரிழையில் தேறும். தொட்டியின் ஒரு மூலையில் சரியாகக் கலக்காமல் போனால் அதுவும் போச்சு. அதனால் 20 டிகிரிக்கு மேல் அரை மணி, 10 டிகிரியில் ஒரு மணி, அதற்கும் கீழே இரண்டு மணி என்று வைத்துக்கொள்கிறேன். நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 8-க்குக் கீழே இருக்கட்டும்.

4. நேரம் முடிந்ததும் சோதியுங்கள். ஓடிஓ (OTO) என்ற, நீரில் விட்டால் நிறம் மாறும் சோதனைச் சொட்டுத் திரவம் தனிக் குளோரினையும் அழுக்கோடு சேர்ந்ததையும் கூட்டி மொத்தக் குளோரினைக் காட்டும். தனிக் குளோரினைப் பிரித்துக் காட்டும் டிபிடி (DPD) சோதனைப் பொருளை வாங்குங்கள். குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகத்தான் குறையும். எனவே ஐந்தாவது நிமிடத்தில் நல்ல நிறம் வந்தாலும் கிருமி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடையில் இது தலைகீழ்: கிருமி சீக்கிரம் சாகும், குளோரினும் சீக்கிரம் தீரும். மறுநாளும் ஒருமுறை பாருங்கள்.

பிற்சேர்க்கை: காத்திருப்பதற்குப் பதில் குளோரின் அளவை இரட்டிப்பாக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும், ஆனால் நாற்றம் கூடும். நேரத்தைக் கூட்டுவதே என் கட்சி. வயிற்றுப்போக்கைத் தரும் ஒட்டுண்ணியான ஜியார்டியாவுக்கு மேலே சொன்னதைவிடப் பல மடங்கு பெருக்குத்தொகை வேண்டும். அதேபோன்ற இன்னொரு ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் குடிநீரில் கலக்கும் அளவுக் குளோரினுக்கு அசையாது. அந்தச் சந்தேகம் இருந்தால் நீரைக் கொதிக்க வையுங்கள்.