தோட்டப்புறத்திலிருந்து அரை அயர்ன்மேன்: 24 வாரப் பயிற்சியும் நன்கொடைக் கணக்கும்

நீச்சல் 1.9 கிலோமீட்டர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1. கூட்டினால் சரியாக 113. மூன்றையும் ஒரே நாளில் தொடர்ந்து முடிக்கும் போட்டியில் இதுதான் அரை அயர்ன்மேன் தூரம். முழுத் தூரம் இதைப்போல் இரு மடங்கு. இந்தப் போட்டியில் இறங்கி நல்ல காரியத்துக்கு நன்கொடை திரட்டும் உற்சாகத்தில் எடுத்த எடுப்பிலேயே முழுத் தூரத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் உண்டு. முதல் முறை இறங்குபவருக்கு அரைத் தூரமே போதும் என்போம். பணம் கொடுப்பவருக்கு 113-க்கும் 226-க்கும் வித்தியாசம் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும்.

இந்தக் குறிப்பு மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பா, பீடோர் வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதியது. சுங்கை சிப்புட், குளுவாங் பக்கம் இருப்பவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செம்பனையும் (எண்ணெய்ப் பனை) வெயிலும் லோரியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

சப்பாத்து வாங்குமுன் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பாருங்கள்; 35 வயதைத் தாண்டியவர்களும், வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்த வரலாறு உள்ளவர்களும் இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். மருந்தளவை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

நிற்காமல் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிந்தால் 24 வாரம் போதும். முடியாவிட்டால் அதற்கு முன் எட்டு வாரம் நடையும் ஓட்டமுமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், மூன்று ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. ஒரே நாளில் இரண்டைச் செய்வதால் கணக்கு சரியாகிவிடும். முதல் வாரம் மொத்தம் 5 மணி நேரம். உச்ச வாரத்தில் 10. ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இந்த இறக்க வாரத்தைச் சோம்பல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தாம் பத்தாவது வாரத்தில் கணைக்கால் எலும்பு வலியோடு உட்காருகிறார்கள்.

செம்பனைப் பழம் வெட்டுகிறவர்களுக்கும் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேறு. எட்டு மணி நேரம் வெயிலில் குலை வெட்டியவர் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும். ஆனால் மாலையில் அது ஏற்கெனவே காய்ந்து போயிருக்கும். சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தால் அன்று ஓட வேண்டாம். மற்ற நாளிலும் அரை லிட்டர் குடித்து அரை மணி காத்திருந்து தொடங்குங்கள். கடினமான பயிற்சியை ஓய்வு நாளில் வையுங்கள். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் சாலையில் சைக்கிள் ஓட்டவே கூடாது.

நீச்சல்

நம் ஊரில் பலரைத் தடுப்பது இதுதான். குளம் பக்கத்தில் இருக்காது. பீடோரிலிருந்து ஈப்போ வரை போக வேண்டிவரும். அதற்காகப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் இறங்காதீர்கள். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் அடி காணாத ஆழம், அடியில் கால் புதையும் சேறு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது விழுங்கியிருக்கிறது. ஆற்றிலும் வேண்டாம். மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் மதில் போல வரும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் இன்னொரு பயம். ஆற்றிலோ தேங்கிய நீரிலோ இறங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

25 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 76 நீளம். முதல் ஆறு வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள். எட்டு முறை 50 மீட்டர், இடையே 20 விநாடி ஓய்வு. கால் கீழே அமிழ்ந்தால் காரணம் காலில் இல்லை, தலையில். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும். குளத்தின் தரையைப் பாருங்கள், மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே முழுக்க விட்டுவிடுங்கள், வெளியே வரும்போது இழுக்க மட்டும் நேரம் வையுங்கள். மூச்சு முட்டுகிறது என்பவர்களில் பெரும்பாலோர் காற்றை இழுக்காதவர்கள் அல்லர், விடாதவர்கள். பிறகு பத்து முறை 100, பதினான்காவது வாரம் நான்கு முறை 400, கடைசியில் ஒரே மூச்சில் 2 கிலோமீட்டர்.

போட்டிக்கு முன் மூன்று முறையாவது கடல் பார்க்க வேண்டும். லூமுட் பக்கத்துத் தெலுக் பாத்தேக் நமக்கு வசதி. தனியாக இறங்காதீர்கள், இடுப்பில் கட்டும் பளிச்சென்ற மிதவை அவசியம். கடலில் கோடு கிடையாது. ஆறேழு வீச்சுக்கு ஒரு முறை, முதலை போல, கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து திசை பாருங்கள். ஜெல்லி மீன் இருக்கும் கடலுக்கு ஒரு புட்டி வினிகர் கொண்டு போங்கள். ரப்பர் நீச்சல் உடைக்குக் காசு கொட்டாதீர்கள்: நீர் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டினால் வழக்கமான விதிப்படி அதற்கு அனுமதி இல்லை, நம் கடல் எப்போதுமே அதற்கு மேல்தான்.

சைக்கிள்

பழைய அலுமினிய ரோடு சைக்கிள் போதும். இருக்கையின் உயரம் சரியாக இருந்தால் பாதி வலி போய்விடும். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கடைசிவரை கீழே கொண்டு போங்கள். கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. உயரம் குறைந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், கூடினால் பின்பக்கம்.

டயர் 28 மில்லிமீட்டர் போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 75 முதல் 80 பிஎஸ்ஐ காற்று. மழை நாளில் 5 குறையுங்கள். நம் ரோட்டில் பஞ்சருக்கு முதல் காரணம் ஆணி இல்லை, செம்பனை மட்டை முள். வெட்டிய மட்டையை ஓரத்தில் அடுக்கும்போது முள் உதிர்ந்து, காய்ந்து, ரோட்டு ஓரத்தில் கிடக்கும். டியூப்பை மாற்றிப் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால், முள்ளின் நுனி டயருக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். விரலை விடாதீர்கள், ஒரு துணியை டயருக்குள் சுற்றி இழுங்கள், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். இரண்டு டியூப், இரண்டு நெம்பி, சின்னப் பம்ப், ஒட்டுத் துண்டுகள் எப்போதும் பையில் இருக்கட்டும். டயரே கிழிந்துவிட்டால்? 1 வெள்ளி நோட்டை மடித்து உள்ளே வைத்து டியூப்பைப் போடுங்கள். நம் 1 வெள்ளி நெகிழித் தாள். வீடு வரை தாங்கும்.

பழக்குலை லோரி ஓடும் நேரத்தில் ஆலைப் பக்கம் போகாதீர்கள். வளைவுகளில் உதிரிப் பழம் சிதறிக் கிடக்கும், நசுங்கிய பழத்தின் எண்ணெயில் மழை பட்டால் ரோடு சோப்புப் போட்டது போலாகும். அங்கே வளைந்துகொண்டே பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விடியுமுன் கிளம்புபவருக்கு முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். காட்டுப்பன்றி குறுக்கே வரும் நேரமும் அதுதான். தோட்டத்து நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். தோட்டத்துக்குள் ஓடப் போகிறீர்கள் என்றால் ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். செம்மண் பாதை ஓட்டத்துக்கு அருமை, ரோடு சைக்கிளின் சங்கிலிக்கு எமன். மழையில் ஓட்டிய அன்றே சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

நீண்ட பயிற்சிக்குச் சமதளச் சாலை பீடோர்–தெலுக் இந்தான். போக சுமார் 40 கிலோமீட்டர். சாய்ந்த கோபுரத்தைத் தொட்டுத் திரும்பினால் 80. முதல் வாரம் 40-இல் தொடங்கி மெல்ல ஏற்றி, பதினெட்டாவது வாரத்தில் 100-ஐத் தொடுங்கள். ஏற்றத்துக்கு நமக்கு வாய்த்தது போல் வேறு ஊருக்கு வாய்க்கவில்லை: தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை. ஆரம்பத்தில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியோடு திரும்பிவிடுங்கள். அயர்ன்மேன் போட்டி நடக்கும் லங்காவியின் சைக்கிள் பாதை மேடும் பள்ளமுமானது, அதற்கு இந்த ஏற்றம் கைகொடுக்கும். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குப் பின் மழை, மூடுபனி, காய்கறி லோரி.

பன்னிரண்டாவது வாரத்திலிருந்து, நீண்ட சைக்கிள் முடிந்தவுடன் 20 நிமிடம் ஓடுங்கள். கால் மரக்கட்டை போலிருக்கும். மூன்று நான்கு வாரத்தில் உடம்பு அதைப் புரிந்துகொள்ளும்.

ஓட்டமும் வெயிலும்

ஓட்டத்தில் பெரும்பகுதி, பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். வார நீண்ட ஓட்டம் 6 கிலோமீட்டரில் தொடங்கி 18 வரை. அதற்கு மேல் பயிற்சியில் தேவையில்லை. காலை ஆறு மணிக்குக் குளிர்ச்சியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதால் வியர்வை காயாது. வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம். போட்டியிலோ நீங்கள் ஓடத் தொடங்குவது உச்சி வெயிலில். ஆகவே கடைசி நான்கு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு முறை, முற்பகல் 11 மணிக்கு 40 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். வெயிலில் மயிர்க்கூச்செறிந்து குளிர்வது போலிருந்தால், பேச்சு குழறினால், அங்கேயே நிறுத்த வேண்டும். கூட இருப்பவர் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, 999-ஐ அழைக்க வேண்டும். ஊற்றுவதை ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டுங்கள். அந்த அளவுக்கு மேல் குடிக்காதீர்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கும்: மோதிரம் இறுகும், தலை வலிக்கும், வாந்தி வரும். வீட்டுப் பானம் செய்ய, 1 லிட்டர் தண்ணீரில் 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை). சீனி சுமார் 60 கிராம், சோடியம் 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. முக்கால் லிட்டர் பானமும் ஒரு வாழைப்பழமும் அதைக் கொடுத்துவிடும். காயா தடவிய ரொட்டியும் நல்லது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் பயிற்சிக்குப் பிந்திய பசியாறலுக்கு. முன்பு தின்றால் கொழுப்பு வயிற்றிலேயே நிற்கும். போட்டியன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே போக வேண்டாம். இடி கேட்டால் குளத்தை விட்டு ஏறுங்கள். காய்ச்சல் வந்தால் டிங்கி இல்லையென்று தெரியும் வரை பயிற்சியும் இல்லை, ஆஸ்பிரினும் இபுபுரோஃபனும் இல்லை.

காசு

முதல் விதி: பதிவுக் கட்டணம், டயர், படகு டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உங்கள் சொந்தச் செலவு. நன்கொடையிலிருந்து ஒரு காசும் இதற்குப் போகக் கூடாது. இதில் குழப்பினால் அடுத்த வருடம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

டயாலிசிஸ் நிலையமோ தமிழ்ப்பள்ளியோ, யாருக்காகத் திரட்டுகிறீர்களோ அவர்களிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்குங்கள். பணம் அந்த அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். அவர்களுடைய டூயிட்நவ் கியூஆர் (கைப்பேசியில் பணம் அனுப்பும் குறி) படத்தை மட்டும் நீங்கள் பகிருங்கள். உங்கள் சொந்தக் கணக்கு வேண்டாம். உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவோ பசார் மாலாமிலோ (இரவுச் சந்தை) வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை. தெரிந்தவர்களிடம் செய்தி அனுப்பி, அமைப்பின் கணக்குக்குப் போடச் சொல்வது தலைவலி இல்லாத வழி. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பென்றால் கொடுப்பவருக்கு வரி விலக்கு உண்டு. கடைக்காரர்களிடமும் முதலாளிகளிடமும் இதை முதலில் சொல்லுங்கள்.

கேட்கும் தொகையைக் கிலோமீட்டரில் வையுங்கள். கிலோமீட்டருக்கு 10 காசு என்றால் 11 வெள்ளி 30 காசு. தோட்டத்தில் வேலை செய்பவரும் கொடுக்கலாம். 1 வெள்ளி என்றால் 113. சம்பளம் போட்ட வாரத்தில் கேளுங்கள், மாதக் கடைசியில் கேட்டால் சங்கடம் இருவருக்கும். போட்டியை முடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: ஓடிய தூரத்துக்கு மட்டுமா, முழுத் தொகையுமா? அரைத் தூரத்துக்கு வழக்கமான காலக்கெடு எட்டரை மணி நேரம். கடலிலும் சைக்கிளிலும் தனித்தனிக் கெடு உண்டு, ஆகவே இடையில் நிறுத்தப்படுவது அரிதில்லை.

கொடுத்தவர் பெயர், தொகை, தேதி, ரசீது எண் என்று நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர் வேண்டாம் என்பவருக்கு ரசீது எண் மட்டும். போட்டி முடிந்த இரண்டு வாரத்துக்குள் மொத்தத் தொகையையும் அமைப்பு கொடுத்த கடிதத்தையும் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பி, ஒரு பிரதியைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.