ஆன்லைன் நம்பிக்கை: ஆய்வு செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் எம்.பி.ஏ., எம்.காம். படிக்கிறவர்களுக்கு மொபைல் சேவையும் ஆன்லைன் வணிக நம்பிக்கையும் சுலபமான புராஜெக்ட் தலைப்பாகத் தெரியும். போன் எல்லாரிடமும் இருக்கிறது; கேள்வித்தாளைப் பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேலை கெடத் தொடங்குவதும் அந்தக் கேள்வித்தாளில்தான்.

'ஆன்லைன் ஷாப்பிங்கை நான் நம்புகிறேன்' என்று ஒரு வரி, அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். யாரை நம்புகிறார் என்ற கேள்வியே இல்லை. விற்பவர் வேறு, தளம் வேறு, பணம் போகிற வழி வேறு, பார்சல் கொண்டுவருபவர் வேறு. கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மாவிடம் போன் திரையை நீட்டிப் பணம் போட்டாச்சு என்று சொன்னால் போதாது. சவுண்ட்பாக்ஸ் தொகையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பை கைமாறும். அவர் நம்புவது வாங்குபவரையா, யுபிஐயையா, அந்தப் பெட்டியையா? உங்கள் படிவம் மூன்றையும் சேர்த்து '4' என்று எழுதிக்கொள்ளும்.

மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் மூவரும் 1995-லேயே ஒரு கட்டுரையில் ஒருவரை நம்பத்தக்கவராக்கும் குணங்களைத் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று பிரித்துக் காட்டிவிட்டார்கள். சொன்ன நாளில் சரியான பொருள் வருவது திறமை. கெட்ட பொருளைத் திருப்பினால் வாக்குத் தவறாமல் பணம் தருவது நேர்மை. இலக்கிய மீளாய்வில், அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதியில், இந்தக் கட்டுரையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கேள்வித்தாளில் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் விடுபடும். நெல்லிக்குப்பத்திலோ பாகூரிலோ அத்தைக்கு ஒரு குக்கர் வேண்டும் என்றால், அண்ணன் மகன் தன் போனில் ஆர்டர் போடுவான். அத்தைக்குத் தளத்தின் பெயர்கூடத் தெரியாது. அவர் நம்பியது பையனை. அவரை 'ஆன்லைன் வாடிக்கையாளர்' என்று கணக்கில் சேர்த்தால் நீங்கள் அளந்தது குடும்ப உறவை. யார் போன், யார் கணக்கு, யார் பொருளைத் தேர்ந்தெடுத்தது என்ற மூன்று கேள்வியைச் சேர்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதற்குப் பல ஆய்வேடுகளில் வரும் அந்த 384. கிரெஜ்சி, மார்கன் 1970-ல் தந்த அட்டவணையிலிருந்து வருகிற எண் அது. மக்கள்தொகை மிகப் பெரியதாக இருந்து, மாதிரியைக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் லிங்க்கைத் தட்டிவிட்டு 384 பதில் வந்ததும் நிறுத்துவதற்கும் அந்த அட்டவணைக்கும் சம்பந்தமில்லை. அதைவிட மோசம், தெரியாத லிங்க்கைத் தொடவே பயப்படுகிறவர் அந்தப் படிவத்தைத் திறக்கவே மாட்டார். நம்பிக்கை இல்லாதவர்களை வாசலிலேயே வடிகட்டிவிட்டு, 'மக்களிடம் நம்பிக்கை அதிகம்' என்று முடிவு எழுதுகிறோம். கல்லூரி அடையாள அட்டையோடு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளிலோ நேரில் கேட்டால் எண்ணிக்கை குறையலாம், ஆனால் ஒதுங்கி நிற்பவர்களும் பேசுவார்கள். ஒருமுறை ஏமாந்து ஆன்லைனில் வாங்குவதையே விட்டவர்களையும் தேடிப் பிடியுங்கள்.

மாதத்துக்கு எத்தனை முறை வாங்குகிறார் என்பதை நம்பிக்கையின் அளவாக வைக்காதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்குபவர் பலமுறை வாங்கலாம். பொருள் வாசலுக்கு வராமல் காசை எடுக்கமாட்டார். பணம் செலுத்தும் முறையைத் தனியாகக் கேளுங்கள். அறியாமையையும் நம்பிக்கையாகக் கணக்கிடக் கூடாது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் (PIN) தேவையில்லை என்று தெரியாத ஒருவர் 'யுபிஐ ரொம்பப் பாதுகாப்பு' என்று 5 போடக்கூடும். இந்த ஒரு விஷயம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, தெரிந்தவர், தெரியாதவர் மதிப்பெண்ணைத் தனித்தனியே பாருங்கள்.

கணக்குப் பகுதியில், கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா 0.9 வந்தால் துள்ளாதீர்கள். ஒரே கேள்வியை நான்கு விதமாக மாற்றிக் கேட்டாலும் அந்த எண் ஏறும். அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பதை அது சொல்லாது. நம்பிக்கை, வாங்கும் எண்ணம் இரண்டையும் ஒரே நாளில் ஒரே படிவத்தில் கேட்டுவிட்டு, முதலாவது இரண்டாவதை உண்டாக்குகிறது என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். வாங்கி வாங்கிப் பழகியதால் நம்பிக்கை வந்திருக்கவும் கூடும். காரணம் வேண்டுமென்றால் அதே ஆட்களை ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். அவகாசம் இல்லையென்றால் 'தொடர்பு இருக்கிறது' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.